எஸ்பிஐஆர் விண்ணப்பமா? முதலில் மாநில அலுவலகத்துக்குப் போங்கள்

அமெரிக்காவில் சின்னதாக ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வைத்திருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், பங்கை விற்க மனமில்லை. விற்கத் தயார் என்றாலும், இன்னும் நிரூபிக்கப்படாத யோசனையை நம்பி முதலீட்டாளர் யாரும் சுலபத்தில் வருவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக ஃபெடரல் அரசு வைத்திருக்கும் திட்டம்தான் எஸ்பிஐஆர், அதாவது ஸ்மால் பிசினஸ் இன்னோவேஷன் ரிசர்ச். இதைக் கேள்விப்பட்டதும் பெரும்பாலோர் ஃபெடரல் தளத்தைத் திறந்து, நீளமான அறிவிப்பு ஒன்றைத் தரவிறக்கி, எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். தங்கள் மாநிலத்திலேயே இதற்கு வழிகாட்ட ஆட்கள் இருப்பதும், சில மாநிலங்களில் எழுதும் செலவுக்கே பணம் கிடைப்பதும் நிராகரிப்புக் கடிதம் வந்த பிறகுதான் தெரியவருகிறது. அந்த வரிசையை மாற்றிக்கொண்டால் எப்படிப் போகலாம் என்று பார்ப்போம்.

அடிப்படை விஷயங்கள்

எஸ்பிஐஆர் 1982இல் அதிபர் ரீகன் காலத்தில் வந்த சட்டத்தால் உருவானது. வெளியாருக்குக் கொடுக்கும் ஆராய்ச்சி நிதி ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் உள்ள ஃபெடரல் துறைகள், அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். 11 துறைகள் இதில் உண்டு. பாதுகாப்புத் துறை, மருத்துவ ஆராய்ச்சிக்கான என்ஐஎச், எரிசக்தித் துறை, நாசா, தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்எஸ்எஃப் ஆகிய ஐந்தும்தான் பெரிய கைகள். 1992இல் இதன் தம்பியாக எஸ்டிடிஆர் வந்தது. அதில் ஒரு பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ கூட்டாளியாக இருந்தே ஆக வேண்டும்.

பணம் கட்டம் கட்டமாக வரும். முதல் கட்டம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. யோசனை நடைமுறையில் வேலை செய்யுமா என்று பார்ப்பதற்கு. என்எஸ்எஃப் இதற்கு 3,05,000 டாலர் வரை தருகிறது, மற்ற துறைகளில் தொகை மாறும். இரண்டாம் கட்டம் பொதுவாக இரண்டு ஆண்டு. பத்து லட்சம் டாலரைத் தாண்டுவதும் சகஜம். மூன்றாம் கட்டத்துக்கு எஸ்பிஐஆர் பணம் கிடையாது. வாடிக்கையாளர், முதலீட்டாளர் அல்லது அரசின் வழக்கமான கொள்முதல் என்று வேறு வழியில்தான் பணம் வர வேண்டும். குவால்காம், சைமன்டெக், ஐரோபாட், இல்லுமினா எல்லாம் ஒரு காலத்தில் இந்தப் பணம் வாங்கிய சிறு நிறுவனங்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் திட்டம் நிரந்தரச் சட்டம் அல்ல, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது நீட்டிக்க வேண்டும். 2022இல் கொடுத்த நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. அந்தத் தேதிக்குள் காங்கிரஸ் புதுப்பிக்காததால் புதிய அறிவிப்புகள் நின்றுபோயின. ஆகவே எதையும் எழுதத் தொடங்கும் முன் எஸ்பிஐஆர் டாட் கவ் தளத்தில் நீங்கள் குறிவைக்கும் துறை விண்ணப்பம் வாங்குகிறதா என்று பாருங்கள். ஃபெடரல் பணம் வென்றவர்களுக்கு மாநிலங்கள் தங்கள் பங்காகத் தரும் மேட்சிங் பணமும் ஃபெடரல் பணத்தின் வாலைப் பிடித்துத்தான் வரும். அது நின்றால் இதுவும் நிற்கும்.

தகுதி: நம்மவர்கள் இடறும் இடம்

நிறுவனம் லாப நோக்குள்ளதாக, அமெரிக்காவில் இயங்குவதாக இருக்க வேண்டும். துணை நிறுவனங்களையும் சேர்த்து 500 பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. பங்கில் பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்களிடமோ கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமோ இருக்க வேண்டும். பல வென்ச்சர் நிதிகள் சேர்ந்து பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் சில துறைகள் மட்டும் விலக்கு தருகின்றன.

இதைத் தமிழ் நிறுவனர்களின் நிலைமையோடு பொருத்திப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். சென்னையில் பிரைவேட் லிமிடெட் தாய் நிறுவனம், டெலவேரில் அதன் பிள்ளையாக ஓர் இன்க் என்ற அமைப்பு இங்கே செல்லாது. பங்கு வெளிநாட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. தலைகீழாக, தாய் நிறுவனம் அமெரிக்காவிலும் கிளை கோயம்புத்தூரிலும் இருந்தால் தகுதி போகாது. ஆனால் கோயம்புத்தூர் ஆட்களும் அந்த 500 கணக்கில் வருவார்கள். அதைவிட முக்கியம், எஸ்பிஐஆர் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி அமெரிக்க மண்ணில்தான் நடக்க வேண்டும். அரிதான காரணத்துக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்கினால் ஒழிய, மென்பொருள் வேலையை ஊருக்கு அனுப்பிவிட்டு இங்கே அறிக்கை மட்டும் எழுதலாம் என்ற கணக்கு எடுபடாது. பட்ஜெட் போடும்போது இந்த ஒரு விதி செலவையே மாற்றிவிடும். ஊர்ச் சம்பளத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு, இங்குள்ள சம்பளத்துக்கு மூன்றில் ஒரு பங்குகூட வராமல் போகலாம்.

எச்1பி விசாவில் இருப்பவர் ஆராய்ச்சித் தலைவராக இருக்கலாமா? என்எஸ்எஃப் போன்ற துறைகளில் அந்த நிறுவனத்தில் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும், குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் எஸ்பிஐஆரில் ஆராய்ச்சித் தலைவரின் முதன்மை வேலை அந்தச் சிறு நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும். பெரிய கம்பெனியின் எச்1பியில் இருந்துகொண்டு மாலை நேரத்தில் சொந்த நிறுவனத்தில் வேலை செய்வது விசா விதிக்கே முரண். இதற்குக் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பது நல்லது. பாதுகாப்புத் துறையின் சில தலைப்புகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் இருக்கும். அங்கே பொதுவாகக் குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும்தான் வேலையைத் தொட முடியும்.

2022க்குப் பிறகு வெளிநாட்டுத் தொடர்புகளைத் தெரிவிக்கும் படிவம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதில் சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா ஆகியவைதான் தனிக் கவனத்துக்குரிய நாடுகள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக இந்தியத் துணை நிறுவனத்தையோ கூட்டு ஒப்பந்தத்தையோ சொல்லாமல் விடக் கூடாது. சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மறைத்தது பிறகு தெரியவந்தால்தான் பிரச்சினை.

மாநிலம் எதைத் தருகிறது

மாநில உதவி மூன்று விதமாக வரும். எந்த மாநிலத்தில் எது உண்டு என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் திட்டம்.

முதலாவது, எழுதும் முன் கிடைக்கும் பணம். இதைக் கட்டம் பூஜ்யம், ஆங்கிலத்தில் ஃபேஸ் ஜீரோ, என்பார்கள். வயோமிங்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் திட்டம் ஒன்று முதல் கட்ட விண்ணப்பம் தயாரிக்க 5,000 டாலர் வரை கொடுத்துவந்திருக்கிறது. நெப்ராஸ்காவிலும் இதே அளவில் ஒன்று உண்டு. நார்த் கரோலினாவில் விண்ணப்பம் தயாரித்த செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. 5,000 டாலர் பெரிய தொகையா என்று கேட்கலாம். ப்ரொபோசல் எழுதிப் பழகிய ஒருவரை உங்கள் வரைவைப் படித்துக் கிழிக்கச் சொல்லவும், முன்னோட்டச் சோதனை ஒன்றைச் செய்து ஒரு வரைபடம் சேர்க்கவும் அது போதும். அந்த ஒரு வரைபடம் மதிப்பீட்டாளரின் மனதை மாற்றிய கதைகள் நிறைய.

இரண்டாவது, வென்ற பிறகு கிடைக்கும் மேட்சிங் பணம். நார்த் கரோலினாவின் ஒன் என்சி ஸ்மால் பிசினஸ் திட்டம் இதில் பெயர் பெற்றது. மாநில வணிகத் துறையின் கீழ் 2006 முதல் நடக்கிறது. ஃபெடரல் முதல் கட்டப் பணம் வென்ற நிறுவனத்துக்கு மாநிலம் தன் பங்காக ஒரு தொகை தரும். பல சுற்றுகளில் உச்சவரம்பு 50,000 டாலராக இருந்திருக்கிறது. பெரும்பகுதி முதலில் வரும். மீதி, இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டிய பிறகுதான். இந்தக் கடைசி நிபந்தனையில் மாநிலத்தின் நோக்கம் தெரிகிறது. நீங்கள் முதல் கட்டத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான் பணமே தருகிறார்கள். ராலே, கேரி, மோரிஸ்வில் பக்கம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே நிறுவனம் வைத்திருப்பவர்கள் இதைத் தெரியாமல் இருந்தால் நஷ்டம்.

கென்டகி இரண்டாம் கட்டத்துக்கும் சேர்த்து மேட்சிங் தந்திருக்கிறது. வேறு மாநிலத்து நிறுவனமும் அங்கே குடிபெயரச் சம்மதித்தால் விண்ணப்பிக்கலாம். மாசசூசெட்ஸின் ஸ்டார்ட் திட்டம் இரண்டாம் கட்டம் வென்றவர்களுக்கானது. விஸ்கான்சினின் எஸ்பிஐஆர் அட்வான்ஸ் வேறு ஒரு ஓட்டையை அடைக்கிறது. ஃபெடரல் ஆராய்ச்சிப் பணத்தை விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தொட முடியாது. அந்த மாநிலப் பணத்தைச் சந்தை ஆய்வு, வாடிக்கையாளர் தேடல் போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, ஆட்கள். சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ, ஃபாஸ்ட் என்ற பெயரில் மாநில அமைப்புகளுக்குப் பணம் தருகிறது. ஒரு மாநிலத்திலிருந்து ஆளுநர் ஒப்புதலோடு ஓர் அமைப்புதான் கேட்க முடியும். அந்தப் பணத்தில்தான் பல இடங்களில் இலவசப் பயிற்சியும் வரைவு வாசிப்பும் நடக்கிறது. என் கணக்கில் மூன்றில் இதுவே பெரிது. ஐயாயிரம் டாலர் செலவாகிப் போகும். எந்தத் துறைக்கு உங்கள் யோசனை பொருந்தும், எந்த அதிகாரியிடம் பேச வேண்டும் என்று சொல்லித் தந்தால் அது அடுத்த பத்து வருடத்துக்கும் உதவும்.

மாநில அலுவலகத்தில் முதல் பேச்சு

உங்கள் மாநிலத்தின் பெயரோடு எஸ்பிஐஆர், மேட்சிங், ஃபேஸ் ஜீரோ, ஃபாஸ்ட் என்ற ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துத் தேடினால் அலுவலகம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் அருகிலுள்ள சிறுதொழில் மேம்பாட்டு மையத்தில், அதாவது எஸ்பிடிசியில் கேளுங்கள். ஒரே ஒரு பக்கத்தில் உங்கள் தொழில்நுட்பம், அதைத் தேவைப்படுவோர், நிறுவனத்தில் யார் யார் என்று எழுதி அனுப்பிவிட்டுப் போனில் நேரம் வாங்குங்கள்.

அவர்களிடம் கேட்க வேண்டியதில் முதன்மையானது தேதிகள். செலவைத் திருப்பித் தரும் திட்டமாக இருந்தால், எந்தத் தேதிக்குப் பிறகு செய்த செலவு கணக்கில் சேரும்? ஃபெடரல் விண்ணப்பம் அனுப்பும் முன்பே மாநிலத்தில் பதிய வேண்டுமா, அனுப்பிய பிறகா? இந்த ஒன்று தவறினால் தகுதி இருந்தும் பணம் போய்விடும். அப்புறம், இந்த ஆண்டுக்குச் சட்டமன்றம் நிதி ஒதுக்கியிருக்கிறதா, அதில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கும், பெட்டி காலியாக இருக்கும். முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை என்று தரும் மாநிலங்களில், அறிவிப்பு வந்த வாரத்திலேயே அனுப்பினால்தான் உண்டு. எத்தனை ஆண்டு அந்த மாநிலத்தில் இருக்க வேண்டும், வெளியேறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பதிவுகள்

அலுப்பான வேலை, ஆனால் இதில் தாமதித்தால் கடைசித் தேதி போய்விடும். வரித்துறையின் இஐஎன் எண். பிறகு சாம் டாட் கவ் தளத்தில் பதிவு. அங்கே 12 எழுத்து கொண்ட யுஇஐ அடையாளம் கிடைக்கும். 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக வந்தது இது. இந்தப் பதிவுக்குப் பல வாரம் ஆகலாம். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பதிவு முற்றிலும் இலவசம். ஆனால் பதிவு செய்ததுமே, பணம் கட்டச் சொல்லி அரசுக் கடிதம் மாதிரியே தனியார் கடிதங்கள் வரத் தொடங்கும். குப்பையில் போடுங்கள். அதன் பிறகு எஸ்பிஏவின் நிறுவனப் பதிவேடு, கடைசியாக அந்தந்தத் துறையின் வாசல்: என்எஸ்எஃப் என்றால் ரிசர்ச் டாட் கவ், என்ஐஎச் என்றால் கிராண்ட்ஸ் டாட் கவ் கூடவே இஆர்ஏ காமன்ஸ்.

துறையைத் தேர்ந்து, அதிகாரியிடம் பேசுங்கள்

பாதுகாப்புத் துறையும் நாசாவும் பெரும்பாலும் தங்களுக்கு என்ன தேவை என்று தலைப்பு கொடுத்து ஒப்பந்தமாகத் தருவார்கள். அங்கே அரசே வாடிக்கையாளர். என்எஸ்எஃப், என்ஐஎச்சில் யோசனை உங்களுடையது, பணம் மானியமாக வரும். ஒரே யோசனையை இரண்டு துறைக்கு அனுப்பலாம், ஆனால் அதை விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். இரண்டும் கிடைத்தால் ஒரே வேலைக்கு இரண்டு பணம் வாங்க முடியாது.

என்எஸ்எஃப்பில் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. ப்ராஜெக்ட் பிட்ச் என்ற சுருக்கமான குறிப்பை முதலில் அனுப்ப வேண்டும். புதுமை என்ன, தொழில்நுட்பச் சவால் என்ன, சந்தை எது, ஆட்கள் யார் என்ற நான்கு பகுதிதான். அதைப் படித்துவிட்டு அழைத்தால்தான் முழு விண்ணப்பம். புதியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பேன். நூறு மணி நேரம் வீணாகும் முன்பே பதில் தெரிந்துவிடுகிறது.

என்ஐஎச்சில் ஜனவரி 5, ஏப்ரல் 5, செப்டம்பர் 5 என்று மூன்று வழக்கமான தேதிகள். அங்கே ஆராய்ச்சி நோக்கங்களை ஒரே பக்கத்தில் எழுதுவது வழக்கம். அந்தப் பக்கத்தை முதலில் எழுதி, பொருத்தமான நிலையத்தின் திட்ட அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். அதிகாரியைத் தொந்தரவு செய்கிறோமோ என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். அவர்களுக்கு இதுதான் வேலை. பொருந்தாத யோசனையை முன்பே தடுத்தால் அவர்களுக்கும் லாபம். பாதுகாப்புத் துறையில் மட்டும், அறிவிப்பு அதிகாரப்பூர்வமாகத் திறந்த பிறகு தலைப்பு எழுதியவரிடம் நேரடியாகப் பேச முடியாது. அதற்கு முந்தைய முன்னறிவிப்பு வாரங்களிலேயே பேசிவிட வேண்டும்.

எழுதும்போது

முதல் கட்டம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதாக இருக்கட்டும். புதியவர்கள் முழுப் பொருளையும் ஆறு மாதத்தில் செய்து முடிப்பதாக எழுதுவார்கள். மதிப்பீட்டாளர் அதை நம்புவதில்லை, நம்பினாலும் பிறகு ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்பார். எது தெரியாது, எந்தச் சோதனையில் தெரியும், எந்த எண் வந்தால் வெற்றி என்று எழுதுங்கள். "துல்லியத்தை மேம்படுத்துவோம்" என்பதைவிட "95 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்த அணுகுமுறையைக் கைவிடுவோம்" என்ற வரிக்கு மதிப்பு அதிகம்.

வேலைப் பங்கீட்டையும் கவனியுங்கள். எஸ்பிஐஆர் முதல் கட்டத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு வேலையை நிறுவனமே செய்ய வேண்டும், இரண்டாம் கட்டத்தில் பாதி. எஸ்டிடிஆரில் நிறுவனம் 40 சதவீதம், ஆராய்ச்சி நிலையம் 30 சதவீதம் குறைந்தபட்சம். பல்கலைக்கழகப் பேராசிரியரின் ஆய்வகம்தான் எல்லாவற்றையும் செய்யும் என்றால் நீங்கள் எஸ்டிடிஆர் பக்கம் போவதே சரி. என்ஐஎச், என்எஸ்எஃப்பில் பட்ஜெட்டில் 7 சதவீதம் வரை லாபமாகக் கேட்கலாம். கேட்கத் தயங்கி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. திட்டப் பணத்தின் மற்ற பகுதியில் காட்ட முடியாத செலவை இந்த லாபப் பணத்தில்தான் சமாளிக்க முடியும், கேளுங்கள்.

சந்தைப் பகுதியில் மாநிலம் உதவும். ஃபெடரல் பணம் வந்தால் மேட்சிங்குக்குத் தகுதி உண்டு என்று மாநில அலுவலகம் கடிதம் தந்தால் அதை ஆதரவுக் கடிதங்களோடு சேர்க்க முடியுமா என்று அறிவிப்பில் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் இது இன்னும் எடுபடும். அங்கே வணிகத் திட்டம் தனியாகவே மதிப்பிடப்படுகிறது, வெளிப்பணம் வருகிறது என்பதற்குச் சான்று கேட்கிறார்கள்.

வென்ற பிறகு

ஃபெடரல் ஒப்பந்தம் கையில் வந்ததும் மேட்சிங் விண்ணப்பத்தை உடனே அனுப்புங்கள். பல மாநிலங்களில் இத்தனை நாளுக்குள் என்று கெடு உண்டு. அந்தப் பணத்தை எதற்கு வைப்பது என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்க ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில்தான் சிறு நிறுவனங்கள் தங்கள் ஒரே பொறியாளரை இழக்கின்றன. மாநிலப் பணத்தை முதல் மாதத்திலேயே கருவி வாங்கச் செலவழித்துவிட்டால், இந்த வறட்சிக்காலத்தில் சம்பளம் கொடுக்க ஒன்றும் இருக்காது. விதி அனுமதித்தால் அதில் பாதியையாவது அந்த மாதங்களின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள்.

கணக்கு இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே ரசீதை ஃபெடரலிலும் மாநிலத்திலும் காட்டுவது குற்றம். எஸ்பிஐஆர் மோசடி வழக்குகளில் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் வாங்கியது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. ஊழியர்களின் நேரப் பதிவை வாரா வாரம் எழுதிவையுங்கள். இரண்டு பணமும் பொதுவாக வருமானமாகவே வரிக்கு வரும் என்பதால் கணக்காளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வரி விஷயத்தில் இன்னொன்று: 2025 ஜூலையில் வந்த சட்டத்தின்படி உள்நாட்டு ஆராய்ச்சிச் செலவை அதே ஆண்டில் கழித்துக்கொள்ளலாம். சென்னையில் செய்த ஆராய்ச்சிச் செலவை 15 ஆண்டுகளுக்குப் பரப்பித்தான் கழிக்க வேண்டும்.

எஸ்பிஐஆர் பணத்தில் உருவான தொழில்நுட்பத் தரவுகளைப் பணம் கிடைத்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அரசு வெளியே விட முடியாது. ஆனால் அறிக்கைகளில் உரிய முத்திரை வாசகத்தை நீங்கள்தான் போட வேண்டும். கண்டுபிடிப்பு ஏதும் வந்தால் காலத்தோடு துறைக்குத் தெரிவிக்காவிட்டால் காப்புரிமையே கைவிட்டுப் போகலாம்.

கிடைக்காவிட்டால்

முதல் முறை கிடைக்காதவர்களே அதிகம். என்ஐஎச்சில் மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் எழுத்தில் வரும். அவற்றை வைத்துத் திருத்தி 37 மாதத்துக்குள் மறுவிண்ணப்பம் போடலாம். குறிப்புகள் வந்த அன்று கோபத்தில் படிக்காமல், ஒரு வாரம் கழித்து மாநில அலுவலகத்தில் உங்கள் வரைவைப் பார்த்தவரோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த விமர்சனம் ஒரு சோதனையில் தீரும், எது யோசனையையே குறை சொல்கிறது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும். கட்டம் பூஜ்யப் பணம் மறுவிண்ணப்பத்துக்கும் கிடைக்குமா என்பதை அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.